ஏழே முக்காலுக்குக் காலியாகும் ஊர்

எங்கள் நகரில் காலை ஏழு மணிக்கு முதல் ஹார்ன் கேட்கும். அது ஸ்கூல் வேன். ஏழேகாலுக்குத் திருபுவனை ஃபேக்டரிகளுக்கு ஆள் ஏற்றும் கம்பெனி பஸ் மெயின் ரோட்டில் வந்து நிற்கும். ஒரு கையில் டிபன் பாக்ஸும் மறு கையில் பின்னி முடிக்காத ஜடையுமாகப் பெண்பிள்ளைகள் ஓடுவார்கள். ஏழரைக்கு ஸ்கூட்டர்கள் கிளம்பும். ஏழே முக்காலுக்கு கேட் பூட்டும் சத்தம், ஒரு தெரு முடிந்து அடுத்த தெரு என்று வரிசையாகக் கேட்கும். அதோடு ஊர் காலி.

அதன்பிறகு சாயங்காலம் ஆறரை வரை இங்கே மிஞ்சுவது ரிடையரானவர்கள், கைக்குழந்தைக்காரிகள், எங்காவது ஒரு மனையில் சென்ட்ரிங் அடித்துக்கொண்டிருக்கும் ஆட்கள், பிறகு மாடுகள். மாடுகளுக்குத்தான் இந்த இடத்தில் சீனியாரிட்டி. பக்கத்துக் கிராமத்திலிருந்து மேய்ச்சலுக்கு வரும் அவை, ஃபர்ஸ்ட் கிராஸ், செகண்ட் கிராஸ் என்று நாங்கள் போட்ட கோட்டில் நடப்பதில்லை. காலி மனைகளுக்குக் குறுக்கே கோணலாக ஒரே தடத்தில் போகின்றன. ஏன் அப்படி என்று ரொம்ப நாள் தெரியாமல் இருந்தது. மாடு ஓட்டி வரும் ஆயாதான் ஒருநாள் சொன்னது: "அது வரப்புப்பா. உங்க வீடு வர்றதுக்கு முன்னாடி இருந்தது. மாட்டுக்கு ஞாபகம் இருக்குது."

நான் 2008-ல் இங்கே மனை வாங்கினேன். 2010-ல் வீடு கட்டிக் குடிவந்தேன். எனக்கு வேலை புதுச்சேரி டவுனில், கணக்கு எழுதும் உத்தியோகம். என் மனைவிக்குப் பாகூர் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. நான் கிழக்கே போகிறேன், அவள் தெற்கே போகிறாள். மகன் படித்தது ரெட்டியார்பாளையத்தில். வீடு இருக்கும் இடத்தில் எங்கள் மூவருக்கும் எந்த வேலையும் இல்லை. தூங்குவதற்கு மட்டும் வருகிறோம்.

இந்த நகரின் பெயரைச் சொல்லவில்லை. சொன்னாலும் உங்களுக்கு அடையாளம் தெரியாது. எங்களுடையது வில்லியனூர்ப் பக்கம். வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில், அதாவது புதுச்சேரியின் கிராமப்புற உள்ளாட்சிப் பகுதிகளில், லே-அவுட்டுக்கு மூன்று விதமாகத்தான் பெயர் வைக்கிறார்கள்: ஒரு சாமி, ஒரு தலைவர், இல்லையென்றால் மனை போட்டவருடைய அம்மா. பின்னால் 'நகர்' ஒட்டிக்கொள்ளும். இப்போது 'கார்டன்', 'அவென்யூ', 'சிட்டி' எல்லாம் வருகின்றன. கார்டனில் தோட்டம் இருக்காது. அவென்யூவில் மரம் இருக்காது. சிட்டி பத்து கிலோமீட்டர் தள்ளி இருக்கும்.

மனை பார்க்க வேனில் கூட்டிப்போனபோது கொடுத்த நோட்டீஸ் இன்னும் பீரோவில் இருக்கிறது. பச்சையில் பூங்கா, ஊதாவில் கடைகள், மஞ்சளில் மனைகள். மேலே கொட்டை எழுத்தில் 'பாண்டி பஸ் ஸ்டாண்டிலிருந்து 15 நிமிடம்'. அந்தப் பதினைந்து நிமிடத்தை யார், எதில், எத்தனை மணிக்குப் போய் அளந்தார்கள் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு ஆம்புலன்ஸ் போனால் சாத்தியம்.

புதுச்சேரியில் நில அளவே தனி ரகம். பத்திரத்தில் ஹெக்டேர், ஆர், சென்டியார் என்று பிரெஞ்சுக்காரர் விட்டுப்போன கணக்கு. பேச்சில் குழி. நம் குழி 576 சதுர அடி, 100 குழி ஒரு காணி. எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போனால் இடத்துக்கு இடம் குழிக்கு வேறு வேறு கணக்கு. நான் வாங்கியது 30-க்கு 40, 1,200 சதுர அடி, இரண்டு குழிக்குக் கொஞ்சம் மேல். கிரகப்பிரவேசத்துக்கு வந்த பக்கத்து ஊர்ப் பெரியவர் ஒருவர் ஹாலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ரெண்டு குழியில ஒரு மூட்டை நெல்லுகூடத் தேறாது சார். இதுல ஒரு குடும்பமே தேறுதுன்னா நல்லதுதான்" என்றார். பாராட்டா, குத்தலா என்று இன்னும் தீர்மானிக்க முடியவில்லை.

தேர் திரும்பும் அகலம்

திட்டம் போட்டு ஊர் கட்டுவது புதுச்சேரிக்குப் புதிதல்ல. 1693-ல் டச்சுக்காரர்கள் பிரெஞ்சுக்காரரிடமிருந்து புதுச்சேரியைப் பிடித்து, 1699-ல் திருப்பிக் கொடுத்தார்கள். இடைப்பட்ட காலத்தில் அவர்கள் வரைந்த தெருக்கோடுகள்தான், இன்று சுற்றுலாக்காரர்கள் 'பிரெஞ்சு நேர்த்தி' என்று போட்டோ எடுக்கும் தெருக்களுக்கு மூலம் என்று வரலாற்றாய்வாளர் ழான் தெலோஷ் காட்டியிருக்கிறார். 1761-ல் ஆங்கிலேயர் நகரை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். திரும்பக் கட்டியவர்கள் அதே கோட்டின் மேலேயே கட்டினார்கள். நடுவில் பெரிய வாய்க்கால். அது இன்று மூக்கைப் பிடித்துக்கொண்டு கடக்க வேண்டிய நிலையில் இருக்கிறது என்பது வேறு விஷயம். ஊருக்கு நடுவே தண்ணீர் போக ஒரு வழி வேண்டும் என்று அன்று தெரிந்திருந்தது.

வில்லியனூரும் திட்டமிட்ட ஊர்தான். திருக்காமீசுவரர் கோயிலைச் சுற்றி ஒரு நடை நடந்து பாருங்கள். தேர் ஓடுவதற்கு எவ்வளவு அகலம் வேண்டும், முனையில் திரும்புவதற்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று கணக்குப் பார்த்து விட்ட தெருக்கள். பிரெஞ்சு ஆட்சியில் கவர்னரே வந்து வடம் பிடிப்பார். அந்தப் பழக்கம் துணைநிலை ஆளுநர்கள் காலத்திலும் தொடர்கிறது. அந்தத் தெருக்களில் இன்று கார் நிறுத்தினாலும் இன்னொரு கார் போகும். எங்கள் முப்பது அடி ரோட்டில் ஒருவர் படிக்கட்டை வெளியே நீட்டி, எதிர்வீட்டுக்காரர் செடி வைத்து, நடுவில் ஒரு செப்டிக் டேங்க் லாரி நின்றால் முடிந்தது. பிணம் எடுத்துப்போகவும் காத்திருக்க வேண்டும். மிகையாகச் சொல்லவில்லை, காத்திருந்திருக்கிறோம்.

டவுனுக்குத் தினமும் போய்வருவதும் இந்தப் பக்கத்தாருக்குப் புதிதல்ல. சவானா, ரோடியர் மில்கள் ஓடிய காலத்தில் சங்கு ஊதுவதற்கு முன் கேட்டுக்குள் இருக்க வேண்டுமென்று சுற்றுக் கிராமங்களிலிருந்து நடந்தும் சைக்கிள் மிதித்தும் போனார்கள். 1936 ஜூலை 30 அன்று வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள் மீது பிரெஞ்சு அரசு துப்பாக்கிச் சூடு நடத்தியதில் 12 பேர் செத்தார்கள். அந்தப் போராட்டத்துக்குப் பிறகுதான் எட்டு மணி நேர வேலை சட்டமானது. போகவர ஆகும் நேரம் அந்த எட்டு மணிக் கணக்கில் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. ரோடியர் மில்லான ஏ.எஃப்.டி. 2020 ஏப்ரலோடு நிரந்தரமாக மூடப்பட்டது. அந்த மில்காரர்களுக்கும் எங்களுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அவர்கள் திரும்பி வந்த இடத்தில் ஊர் இருந்தது. கிணறு, திண்ணை, பங்காளிச் சண்டை, கூத்து எல்லாம் அவர்கள் இல்லாத நேரத்திலும் நடந்துகொண்டிருந்தன. நாங்கள் திரும்பி வந்து லைட் போட்டால்தான் எங்கள் ஊர் எரிகிறது.

லண்டனிலிருந்து மறைமலை நகர் வரை

'கார்டன்' என்ற சொல் லே-அவுட் போர்டுகளுக்கு வந்து சேர்ந்த கதை சுவாரஸ்யமானது. எபனேசர் ஹோவர்டு என்ற ஆங்கிலேயர் பெரிய படிப்பாளியோ பொறியாளரோ அல்ல. பார்லிமென்ட் நடவடிக்கைகளைச் சுருக்கெழுத்தில் எடுப்பவர். லண்டனின் நெரிசலைப் பார்த்து நொந்து, 1898-ல் ஒரு புத்தகம் எழுதினார். நகரத்தின் வேலையும் கிராமத்தின் காற்றும் ஒரே இடத்தில் இருக்கும்படி சிறு சிறு ஊர்களைத் திட்டமிட்டுக் கட்டலாம் என்றார். 1903-ல் லெட்ச்வொர்த், 1920-ல் வெல்வின். அவர் சொன்னதில் முக்கியமானது தோட்டமல்ல. வேலை, கடை, பள்ளிக்கூடம், வயல் எல்லாம் நடந்து போகும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பது. உலகம் தோட்டத்தை எடுத்துக்கொண்டு நடையை விட்டுவிட்டது.

இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, 1946-ல் பிரிட்டன் புதுநகரங்களுக்கென்று சட்டமே போட்டது. முதலில் தேர்வான ஊர் ஸ்டீவனேஜ். உள்ளூர்க்காரர்களுக்கு அதில் இஷ்டமில்லை. அமைச்சர் லூயிஸ் சில்கினைக் கேலி செய்து, ரயில் நிலையப் பலகையில் 'சில்கின்கிராட்' என்று மாற்றி வைத்தார்கள். ரஷ்ய சர்வாதிகாரம் என்று அர்த்தம். நிலம் போனால் எந்த நாட்டு விவசாயிக்கும் நாக்கில் நெருப்பு வரும் போலிருக்கிறது.

நம் பக்கத்தில் அந்த வகையில் உருவானது மறைமலை நகர். சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் சென்னையின் சுமையைக் குறைக்க, செங்கல்பட்டு ரயில் பாதையை ஒட்டி, ஜி.எஸ்.டி. ரோட்டில் திட்டமிட்ட துணைநகரம். தனித்தமிழ் இயக்கத்தின் மறைமலையடிகள் பெயர் ஊருக்கு, காமராஜர் பெயர் ரயில் நிலையத்துக்கு. என் மச்சினர் அங்கே பதினெட்டு வருடம் இருந்தார். ஆரம்பத்தில் அவரைப் பார்க்கப் போனால் ரோடு அகலமாக இருக்கும், ஆள் இருக்க மாட்டார்கள். பிறகு ஃபோர்டு கார் தொழிற்சாலை வந்தது. டீக்கடை வந்தது, ஹாஸ்டல் வந்தது, வாடகை ஏறியது. 2011 கணக்கெடுப்பில் 81,872 பேர். 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்தப்போவதாக ஃபோர்டு அறிவித்தபோது மச்சினர் சொன்னார்: "மாப்ளே, இந்த ஊருக்கு உயிர் கொடுத்தது பிளான் இல்ல, ஷிப்ட் பஸ்." அவர் ஃபோர்டில் வேலை செய்தவரல்ல. எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார்.

அவர் சொன்னதை நான் முழுக்க ஏற்கமாட்டேன். திட்டம் இருந்ததால்தான் அங்கே ரயில் நிலையம், அகலமான ரோடு, வடிகால் ஆகியவற்றுக்கு இடம் விட்டார்கள். பின்னால் வந்தவர்களுக்கு உட்கார நாற்காலி இருந்தது. எங்கள் பக்கம் நாற்காலியே போடவில்லை. ஆரோவில்லும் ஒரு திட்டம்தான்: 1968 பிப்ரவரி 28-ல் தொடக்கம், ரோஜே ஆஞ்ஜே வரைந்த சுழல் வடிவம், 50,000 பேர் குறி. இன்று வசிப்பவர்கள் மூவாயிரத்துச் சொச்சம். அங்கே திட்டம் இருக்கிறது, ஆள் இல்லை. எங்களிடம் ஆள் இருக்கிறார்கள். மனை போட்டவர் வரைந்தது ரோட்டையும் எல்லைக்கல்லையும் மட்டும்தான். நாங்கள் டவுனுக்குப் போக ஆகும் நேரமும், மழைத் தண்ணீர் போக வேண்டிய வழியும் அந்த வரைபடத்தில் கிடையாது. பதினைந்து வருடமாக நாங்கள் இழுத்துக்கொண்டிருப்பது இந்த இரண்டோடுதான்.

எல்லோரும் ஒரே திசையில் போவதில்லை

நேரத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். வில்லியனூரிலிருந்து டவுனுக்கு ஒரே முக்கிய வழி. அரும்பார்த்தபுரம், மூலக்குளம், ரெட்டியார்பாளையம், இந்திரா காந்தி சிலை சிக்னல், நெல்லித்தோப்பு. அரும்பார்த்தபுரத்தில் ரயில்வே கேட் இருந்த காலத்தில் கேட் மூடினால் வண்டியை ஆஃப் செய்துவிட்டுப் பேப்பர் படிக்கலாம். மேம்பாலம் வந்தது. நெரிசல் மூலக்குளத்துக்கு நகர்ந்தது. ஆபீஸ் நேரத்தில் அந்தப் பத்து கிலோமீட்டருக்கு எனக்கு நாற்பது நிமிடம், மழை பெய்தால் ஒரு மணி நேரம்.

பஸ் உண்டு. விழுப்புரம் பஸ், தனியார் டவுன் பஸ், இடையில் டெம்போ. சிக்கல் பஸ்ஸின் எண்ணிக்கையில் இல்லை. எல்லாம் மெயின் ரோட்டோடு போய்விடும். நகருக்குள்ளிருந்து மெயின் ரோட்டுக்கு ஒன்றரை கிலோமீட்டர். அந்த ஒன்றரை கிலோமீட்டருக்காகத்தான் வீட்டுக்கு இரண்டு வண்டி வாங்கினோம். வண்டியை எடுத்துவிட்டால் பிறகு ஏன் பஸ்ஸுக்கு நிற்க வேண்டும்? இப்படி எல்லோரும் எடுத்துவிட, பஸ்காரருக்கு ஆள் குறைகிறது. அவர் இரவு டிரிப்பை நிறுத்துகிறார். ஒன்பது மணிக்கு மேல் பஸ் ஸ்டாண்டில் ஒற்றைப் பெண் நின்றால் வீட்டிலிருந்து யாராவது போய்த்தான் கூட்டிவர வேண்டும். எங்கள் தெருவில் அப்படி வாரத்துக்கு மூன்று நாள் போகும் அப்பாக்கள் நான்கு பேர். போகிற வழியில் ஒருவருக்கொருவர் ஹெட்லைட் அடித்துக்கொள்வோம்.

ரயிலும் உண்டு. 1879-ல் விழுப்புரம் – புதுச்சேரி பாதை போட்டபோதே வில்லியனூருக்கு ஸ்டேஷன் கிடைத்துவிட்டது. உலகத்தில் எத்தனையோ புறநகர்கள் ஒரு ரயில் பாதைக்காகத் தவம் கிடக்கின்றன. எங்களுக்குப் பாதை வந்து நூற்று நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது, ஆபீஸ் நேரத்துக்கு அடுத்தடுத்து வண்டிதான் இல்லை. காலை எட்டிலிருந்து ஒன்பதரை வரை அரை மணிக்கு ஒன்று என்று விழுப்புரத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையே இரண்டு பெட்டி ஓடினால் மூலக்குளத்தில் பாதி ஹெல்மெட் குறையும் என்பது என் கணக்கு.

டவுன் திட்டம் போடுகிறவர்கள் நினைப்பது போல எல்லோரும் டவுனை நோக்கியும் போவதில்லை. காலையில் வில்லியனூர் கூட்டுரோட்டில் அரை மணி நேரம் நின்றால் தெரியும். சேதராப்பட்டு, திருபுவனை ஃபேக்டரிக்குப் போகிறவர்கள் மேற்கேயும் வடக்கேயும். மதகடிப்பட்டுக் காலேஜ் பிள்ளைகள் மேற்கே. கிருமாம்பாக்கம் பக்கத்து ஆஸ்பத்திரிகளுக்குப் போகும் என் மனைவி போன்றவர்கள் உறுவையாறு, மங்கலம், கரிக்கலாம்பாக்கம் வழியாகத் தெற்கே. ஆபீஸ்காரர்கள் மட்டும் கிழக்கே. நான்கு திசைக்கும் நாலு பேர். எந்த பஸ்காரருக்கு இது கட்டும்?

பாகூர்க்காரர்கள் நிலை இன்னும் வேடிக்கை. அவர்களுக்குப் புதுச்சேரியைவிடக் கடலூர் பக்கம். ஆனால் ரேஷன் கார்டு, அரசு வேலை, கோர்ட்டு எல்லாம் பாண்டி. கன்னியக்கோயில் வந்து, கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், சுண்ணாம்பாற்றுப் பாலம், அரியாங்குப்பம், முருங்கப்பாக்கம் தாண்டி, மரப்பாலம் சிக்னலில் நின்று நின்று உள்ளே நுழைய வேண்டும். இது தனித்தனித் துண்டுகளாகக் கிடக்கும் ஆட்சிப்பகுதி. விழுப்புரம் ரோட்டில் அரியூர் நம்முடையது, கண்டமங்கலம் தமிழ்நாடு, திருவண்டார்கோயில் மறுபடி நம்முடையது. எல்லைக்கல்லைத் தேட வேண்டாம். பிராந்திக்கடை வந்தால் புதுச்சேரி வந்துவிட்டது. ஆனால் ஒரு பஸ் ரூட்டுக்கு இரண்டு அரசாங்கத்திடம் பெர்மிட் வாங்குவதும், ஒரு வாய்க்காலைத் தூர்வார இரண்டு மாவட்ட நிர்வாகம் பேசுவதும் அவ்வளவு சுலபமில்லை.

ஒரு காலத்தில் வெளியூர்க்காரர்கள் படிக்க வந்த ஊர் பாகூர். 9-ம் நூற்றாண்டில் பல்லவன் நிருபதுங்கன் காலத்துச் செப்பேடு, அங்கிருந்த கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களைக் கொடையாக எழுதி வைத்ததைச் சொல்கிறது. இன்று பாகூர்ப் பிள்ளைகள் விடிந்ததும் பையை மாட்டிக்கொண்டு ஊரைவிட்டு வெளியே போகிறார்கள்.

கோடு தெரிந்த நாள்

தண்ணீர் விஷயம் எங்களுக்குப் புரிந்தது 2024 நவம்பர் 30 இரவு. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறி, நகர மனமில்லாமல் அங்கேயே நின்று கொட்டியது. ஒரே நாளில் நாற்பத்தைந்து சென்டிமீட்டருக்கு மேல். நள்ளிரவில் கரண்ட் போய்விட்டது. இரண்டு மணிக்கு வாசல்படியில் டார்ச் அடித்துப் பார்த்தேன். ஸ்கூட்டரின் சைலன்ஸர் முழுகியிருந்தது. மூன்றரைக்குத் தண்ணீர் ஹாலுக்குள் வந்தது. சத்தமே இல்லை. சோபாவின் அடியிலிருந்து ஒரு செருப்பு மிதந்து வந்து ஃபிரிட்ஜில் முட்டி நின்றது.

விடிந்ததும் மாடியில் நின்று பார்த்தேன். நகர் முழுக்கத் தண்ணீர் என்று நினைத்திருந்தேன். இல்லை. ஒரு பட்டையாக மட்டும் ஓடியது. காலி மனைகளின் குறுக்கே, கோணலாக, மூன்று வீடுகளின் காம்பவுண்டைச் சுற்றி, என் வீட்டு மூலையை உரசிக்கொண்டு போனது. மாடுகள் தினமும் நடக்கும் தடம்.

மூன்றாம் நாள் தண்ணீர் வடிந்த பிறகு, பக்கத்துக் கிராமத்து ஏரியில் மடை திறந்து மூடும் வேலையை இளவயதில் பார்த்த பெரியவரைப் போய்ப் பார்த்தேன். அவர் கோபப்படவுமில்லை, அனுதாபப்படவுமில்லை. வாசலில் இருந்த குச்சியை எடுத்து மண்ணில் வரைந்தார். "இது ஏரி. இது கலங்கல். இங்கேருந்து ஓடை போயி ஆத்துல சேரும். நடுவுல இங்க ஒரு கிளை வாய்க்கா. இதுல பெரிய மழைக்கு மட்டும்தான் தண்ணி வரும். வருஷா வருஷம் வராது. அதனால எல்லாரும் மறந்துட்டாங்க." குச்சியால் ஓரிடத்தில் குத்தினார். "உங்க வீடு இது."

புதுச்சேரியின் நிஜமான நகரத் திட்டம் இந்த ஏரிகள்தான் என்று எனக்கு அன்று தோன்றியது. ஊசுட்டேரிக்கு அடுத்தபடி பெரியது பாகூர் ஏரி. தென்பெண்ணையிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக அதற்குத் தண்ணீர் வருகிறது. பங்காரி, சிங்காரி என்ற இரண்டு தாசிகள் தங்கள் பொருளைக் கொடுத்து வெட்டிய வாய்க்கால்கள் என்று ஊரில் கதை உண்டு. பாகூர் இந்த ஆட்சிப்பகுதியின் நெற்களஞ்சியம் ஆனது அந்த வாய்க்காலால்தான். ஏரிகளைப் பார்த்துக்கொள்ள பிரெஞ்சுக் காலத்திலேயே விவசாயிகள் சங்கம் வைத்திருந்தார்கள். 1999-ல் தொடங்கி ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியில் புதுச்சேரிப் பகுதியின் 84 ஏரிகளைச் சீரமைத்தார்கள். ஏரி சீரானது. ஏரியிலிருந்து வெளியே போகும் கிளை வாய்க்கால்கள் மேல் மஞ்சள் கல் நட்டு மனை போட்டுக்கொண்டிருந்தோம். 'நட்டார்கள்' என்று எழுதத்தான் கை வருகிறது. வாங்கியவன் நான்.

எங்களுக்காவது மழைத் தண்ணீர். பாகூர் கொம்யூனில் புயல் போய் வெயில் வந்த பிறகு வெள்ளம் வந்தது. டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட, தென்பெண்ணை கரை புரண்டு சோரியாங்குப்பம், குருவிநத்தம் பக்கம் புகுந்தது. திருவண்ணாமலை மாவட்டத்தில் அணை, கடலூர் மாவட்டத்தில் ஆறு, பாகூரில் வீடு. அன்று மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வரவில்லை. மூன்று ஷிப்ட் சேர்த்துப் பார்த்தாள். மாற்றுவதற்கு வரவேண்டிய ஆட்கள் வர ரோடு இல்லை.

யாரிடம் போய்ச் சொல்வது

மறுவாரம் நகர்வாசிகள் எல்லோரும் பிள்ளையார் கோயிலில் கூடினோம். வடிகால் வேண்டும் என்று மனு எழுதினோம். யாருக்கு எழுதுவது என்பதில் ஒரு மணி நேரம் போனது. எம்.எல்.ஏ.வுக்கா, கொம்யூன் பஞ்சாயத்து ஆணையருக்கா, பொதுப்பணித் துறைக்கா?

வெளியூரில் இருப்பவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கும்: வார்டு கவுன்சிலர் என்று ஒருவர் எங்களுக்குக் கிடையாது. புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் 1968-ல் நடந்தது. அடுத்தது 38 வருடம் கழித்து, 2006-ல். அந்தப் பதவிக்காலம் 2011-ல் முடிந்தது. அதன்பிறகு தேர்தலே இல்லை. இத்தனைக்கும் இந்த மண்ணில் கொம்யூன்களும் அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட சபையும் 1880-லேயே, பிரெஞ்சுக்காரன் ஆட்சியிலேயே வந்துவிட்டன. பிரெஞ்சு ஆட்சி வேண்டாம், இந்தியாவோடு சேர்கிறோம் என்று 1954 அக்டோபர் 18-ல் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்த கீழூர், எங்கள் வில்லியனூர்ப் பக்கத்தில்தான் இருக்கிறது. 170 பேர் ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. அதில் வாக்களித்தவர்களில் பலர் இந்தக் கொம்யூன் சபைகளின் உறுப்பினர்கள். என் மகன் ஓட்டுரிமை பெற்று மூன்று வருடமாகிறது. தெருவிளக்குக்காக ஓட்டுப் போடும் வாய்ப்பு அவனுக்கு இன்னும் வரவில்லை.

மனு கொடுத்தோம். அதிகாரிகள் வந்து பார்த்தார்கள், நல்லபடியாகவே பேசினார்கள். அளந்தும் போயிருக்கிறார்கள்.

இவ்வளவு புலம்புகிறவன் ஏன் விற்றுவிட்டுப் போகவில்லை என்று கேட்பீர்கள். என் சம்பளத்தில் டவுனுக்குள் இரண்டு குழி இடம் ஏழு ஜென்மத்துக்கும் கிடைக்காது. இங்கே சொந்தச் சுவரில் ஆணி அடிக்கலாம். ராத்திரி எட்டரைக்கு மேல் காற்று வரும். ஏரிப் பக்கமிருந்து நத்தைகுத்தி நாரைகள் தலைக்கு மேல் வரிசையாகத் திரும்பும். வெள்ளத்தன்று எதிர்வீட்டுக்காரரின் அம்மாவை நாலு பேர் நாற்காலியோடு தூக்கி மாடி ஏற்றினோம். பதினான்கு வருடம் எதிரெதிரே இருந்தும் அந்த அம்மா பெயர் எனக்கு அன்றுதான் தெரிந்தது. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் ஏழே முக்காலுக்கு யாரும் கேட் பூட்டுவதில்லை. பூங்கா என்று நோட்டீஸில் பச்சை அடித்த இடத்தில் முள்ளை வெட்டி ஆறு வேப்பங்கன்று நட்டிருக்கிறோம். கிளை வாய்க்கால் போன தடத்தில் இருந்த இரண்டு காலி மனைக்காரர்களிடம் பேசி, காம்பவுண்ட் கட்டும்போது மூன்றடி விடச் சொல்லியிருக்கிறோம். ஒருவர் சம்மதித்துவிட்டார். இன்னொருவர் துபாயில் இருக்கிறார், போன் எடுப்பதில்லை.

வில்லியனூரிலோ பாகூரிலோ மனை பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மனைக்காரர் வேனில் வராதீர்கள், பஸ்ஸில் வந்து நடந்து பாருங்கள். திரும்பிப் போவதற்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று டீக்கடையில் கேளுங்கள். சித்திரை, வைகாசியில் வர வேண்டாம். கார்த்திகையில் ஒரு பெரிய மழை விட்ட மறுநாள் வாருங்கள். அப்போதும் சந்தேகம் தீராவிட்டால், சாயங்காலம் வரை இருந்து மாடுகள் எந்த வழியாகத் திரும்புகின்றன என்று பாருங்கள். அந்தத் தடத்தில் வரும் மனை எண்ணைக் குறித்துக்கொண்டு, அதை மட்டும் வாங்காதீர்கள்.